மெத்தைக் கடையில் சாய்ந்த புளியமரம்

என் குரலைக் கேட்டுச் சிரித்த மனுஷன் தலையணை வாங்க எங்கள் கடைக்கே வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் வந்தார். எண்பத்தேழு செப்டம்பரில், கள்ளக்குறிச்சிக்கு வரும் எல்லா ரோட்டிலும் மரம் விழுந்து கிடந்த வாரத்தில்.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். சேலம் ரோட்டில் புளியமரம், உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரம், கச்சிராயபாளையம் ரோட்டில் மரத்தோடு கல்லும் சேர்த்து. பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் வரவில்லை. அந்த வாரம் சில ஊர்களில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெருவில் எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. அதை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பா தைரியநாதன் மெத்தை, தலையணை செய்து விற்பவர். நான் ரெஜினா. அப்போது இருபத்தாறு வயது, உறை தைப்பது என் வேலை. பஞ்சு அடிக்க ராசு என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயதாகியும் வாய் மட்டும் ஓயாது. நானும் வாய்க்காரிதான். அந்த வாயை வைத்து ரேடியோ நாடகத்தில் நடிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஆசை. முகத்தைக் காட்டாமல், பட்டுப்புடவை கட்டாமல், உட்கார்ந்த இடத்தில் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் இருக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அதற்குக் குரல் தேர்வு என்று ஒன்று உண்டு. வானொலி நிலையத்துக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கொடுத்த தாளை வாசிக்க வேண்டும். முதல் தடவை "வீட்டில் யாரும் இல்லை" என்று இருந்ததை "வூட்ல யாரும் இல்ல" என்று வாசித்துவிட்டேன். வட்டார வாடை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வருஷம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வீடு, வீடு, வீடு என்று சொல்லிப் பழகினேன். "நம்ம வூட்ல எலி பூந்த மாதிரி இன்னாது எப்பப் பாரு வீடு வீடுன்னு சத்தம்?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வில் விவசாய நாடகம் ஒன்றைக் கொடுத்தார்கள். "தென்னைக்கு நடுவில் ஊடுபயிர் போடலாமே, அண்ணா" என்று ஒரு வரி. ஊடு என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஐயோ, மறுபடியும் வூடு வந்துவிட்டதே, விடக்கூடாது என்று திருத்தி, நல்லா அழுத்தமாக, "தென்னைக்கு நடுவில் வீடுபயிர் போடலாமே, அண்ணா" என்று வாசித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் வந்தது. பிறகு அதே குரல், "வீடுபயிரா? எத்தனை மாடி?" என்று கேட்டது. அந்தக் கேள்வி என் காதில் ஆணி அடித்த மாதிரி தங்கிவிட்டது. தேறவில்லை, இனி இரண்டு வருஷத்துக்கு மனுப் போடக் கூடாது என்று கடிதம் வந்தது.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் கடைக்குள் ஒருவர் நுழைந்தார். ஒல்லியான ஆள். தோளில் ஒரு கனமான தோல் பை. "லாட்ஜில் கொடுத்த தலையணை செங்கல்லாக இருக்கிறது. இலவம்பஞ்சில் ஒன்று கிடைக்குமா?" என்றார்.

கிடைக்குமா என்ற சொல் முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் ரேடியோ கேட்டு வளர்ந்தவளுக்கு முகம் எதற்கு?

"கெடைக்கும் சார். எத்தனை மாடி வேணும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காது வரை சிவந்துவிட்டார். "நீங்கள்தானா அந்த..." என்று இழுத்தார். நான்தான் அந்த என்று சொல்லி ஒரு தலையணையை எடுத்து அவர் மேல் கிட்டத்தட்ட எறிந்தேன்.

பெயர் சுப்புராயன். நாடகப் பிரிவில் தயாரிப்பாளர். கல்வராயன் மலையில் திருவிழாப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யப் போனவர், இறங்கி வந்தபோது ரோடு போய்விட்டது. ஜீப்பை லாட்ஜ் வாசலில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த வாரம் நிலையத்தில் அவர் ஒரு நாடகம் எடுத்திருக்க வேண்டும். கதைத்தாள் பையில் இருக்கிறது, நடிகர்கள் ஆளுக்கொரு ஊரில் மாட்டிக்கொண்டார்கள்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, கையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பித்துப் பிடித்துவிட்டதோ என்று ராசு பஞ்சடிக்கிற வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"எதிரொலியே இல்லை. சுவரெல்லாம் பஞ்சு மூட்டை. எங்கள் ஸ்டுடியோகூட இப்படி இல்லை" என்றார் சுப்புராயன். பிறகு தெருவைக் காதால் பார்த்தார். கடைக்கு முப்பது அடியில் சேலம் ரோடு. மற்ற நாளில் ஏர்ஹாரன் சத்தத்தில் சொந்தப் பேரே மறந்துபோகும். அன்றைக்கு எங்கோ ஒரு கோழி கொக்கரிப்பதுதான் கேட்டது. "ரோட்டிலும் சத்தம் இல்லை. இங்கேயே எடுத்துவிடலாம். ஆனால் தங்கை வேஷத்துக்கு..."

நான் உறையைத் தைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கட்டும் என்று இருந்தேன்.

"உங்களால் முடியுமா?" என்றார்.

"தேறாதவளாச்சே?"

"எடுத்துக்கொண்டு போகிறேன். மேலே இருக்கிறவர்கள் கேட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். பிடித்தால் ஒலிபரப்பாகும், அப்புறம் உங்களுக்குத் தேர்வே வேண்டாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறு ஆளை வைத்து எடுப்போம்."

இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. ஊசியை வைத்துவிட்டு எழுந்தேன்.

நாடகத்தின் பெயர் "பங்குப் புளி". அண்ணன் நிலத்துக்கும் தங்கை நிலத்துக்கும் நடு வரப்பில் ஒரு புளியமரம். அண்ணன் வெட்டப் பார்க்கிறான், தங்கை செல்லம்மா மறிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அண்ணனாகச் சுப்புராயனே நடிப்பது என்று முடிவானது.

அந்த இரண்டு நாளில் நான் கற்றதை இரண்டு வருஷம் எந்த வாத்தியாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல்கடை இருந்தால் அது ரகசியம். முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தால், கேட்கிறவனுக்கு நான் தெருக்கோடிக்குப் போய்விட்டேன். தாளைத் திருப்பவே கூடாது, சரசரப்பு இடி மாதிரி கேட்கும். வாசித்து முடித்த தாளை அப்படியே கீழே விட வேண்டும், விழுகிற இடத்தில் மெத்தை விரித்திருந்தோம். முறத்தில் புளியங்கொட்டையை உருட்டி மழை பெய்ய வைத்தார் ராசு. நாமே நனைந்த மாதிரி இருந்தது.

"முன்பெல்லாம் டேப்பே கிடையாது. நாடகம் நேராகக் காற்றில் போய்விடும். ஒருத்தர் தும்மினால் மாகாணமே கேட்கும்" என்றார் சுப்புராயன். செத்துப்போன ராஜாவாக நடித்தவருக்குத் தும்மல் வந்துவிட, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ராணி சட்டென்று "நூறாயுசு" என்று சொல்லிவிட்ட கதையையும் சொன்னார். நிஜமோ பொய்யோ, அப்பா சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

எல்லாம் சரி, நான்தான் சரியில்லை. "என் வீட்டுக்கு இருக்கிற ஒரே நிழல் இது. வெட்டுவதானால் முதலில் என்னை வெட்டு" என்பது முக்கியமான வரி. நாலு தடவை எடுத்தோம். வீடு பிசகவில்லை, ழகரம் பிசகவில்லை. ஆனால் சுப்புராயனின் முகத்தில் ஈயாடவில்லை. "சுத்தமாக இருக்கிறது" என்றார். சோறு நல்லா இருக்கிறதா என்று கேட்டால் தட்டு சுத்தமாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"பாப்பா, நீ பேசறது கோர்ட்டு நோட்டீஸ் படிக்கிற மாதிரி கீது" என்றார் ராசு. அவர் வாயில் பஞ்சை அடைக்கலாமா என்று நினைத்தேன்.

ஐந்தாவது தடவை மரம் வெட்டும் சத்தத்தோடு சேர்த்து எடுப்பது என்று ஏற்பாடு. கோடாலிச் சத்தம் தூரத்தில் கேட்க வேண்டும் என்பதால் ராசு பின்கட்டில் ஒரு பழைய அடிமரத்தைக் கொத்த வேண்டியது. பின்கதவு திறந்தே இருந்தது. மரம் முறிகிற சத்தத்துக்கு அப்பாவின் கையில் ஒரு முழுக் கரும்பு. அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து முறுக்கி ஒடித்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நூறு வருஷத்து மரம் இடுப்பொடிந்து சாய்வதாகத் தோன்றும். கடைசியில் ஒரு பஞ்சு மூட்டையைத் தரையில் தொப்பென்று போட்டால் தீர்ந்தது.

டொக், டொக் என்று பின்கட்டில் கோடாலி விழுந்தது. கரும்பு முறிந்தது. "மரம் சாயுது, தள்ளிப் போங்க!" என்று சுப்புராயன் தொண்டை கிழியக் கத்தினார். மூட்டை விழுந்தது.

அடுத்த நிமிஷம் பின்கட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள் மூன்று போலீஸ்காரர்கள்.

ஊர் முழுக்க மரம் வெட்டுகிறவனைத் தேடி அலைகிற நேரம். நடுத்தெருவில் கோடாலிச் சத்தமும் மரம் சாயுது என்ற கூச்சலும் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஏட்டு கண்ணாயிரம் ராசுவின் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

"எங்கடா மரம்?"

"ரேடியோவுக்கு சார்!"

"ரேடியோவுக்கு இன்னாத்துக்குடா மரம்?"

நான் மைக்கையும் மறந்தேன், ஒரு வருஷப் பயிற்சியையும் மறந்தேன். "இன்னா சார் இது! எங்க வூட்டுக்குள்ள கேக்காம கொள்ளாம பூந்துட்டு, புள்ளகுட்டிக்காரரு கழுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க? வெட்டின மரம் எங்க கீது, காட்டுங்க பாக்கலாம்! கரும்பு சார் அது, கரும்பு! கரும்ப ஒடிச்சா எந்த சட்டத்துல சார் உள்ள போடுவீங்க? மொதல்ல அவர வுடுங்க. வுடலைன்னா என்னயும் சேத்துப் புடிச்சிக்கினு போங்க!"

ஏட்டு கையை எடுத்துவிட்டார். ஆனால் ஒரு சின்ன போலீஸ்காரர் கடைக்குள் போய், இது என்னவோ என்று ஒலிப்பதிவு மிஷினின் வாரைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"யோவ்! வுடுய்யா! டேப்பு அறுந்து பூடும்யா! கீழ வையின்னு சொல்றேன் இல்ல? இன்னாய்யா ஆளு நீ!"

இது யார் குரல் என்று நான் சுற்றிப் பார்த்தேன். சுப்புராயன். எத்தனை மாடி என்று கேட்ட சுப்புராயன். நெஞ்சில் மிஷினை அணைத்துக்கொண்டு நின்றார்.

ஏட்டு கண்ணாயிரம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கு எந்த ஊரு?"

"எலவனாசூர்கோட்டை" என்றார் சுப்புராயன், மெதுவாக.

"அட, நம்ம பக்கமா! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று ஏட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒடித்த கரும்பை ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

சுப்புராயன் மிஷினைத் தடவிப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் சுற்றி, காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகம் மாறியது. குழாயைக் கழற்றி என் காதில் வைத்தார். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. யாரோ ஒருத்தி தன் வீட்டுக்காக நிற்கிறாள், நகர மாட்டாள் என்று தெரிந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் பேனாவை எடுத்துக் கதைத்தாளில் வீட்டுக்கு என்பதை அடித்து வூட்டுக்கு என்று எழுதினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

"இதத்தான சார் மொத தடவயே சொன்னேன்? அப்போ வாடைன்னீங்க. அடுத்த தடவ சிரிச்சீங்க. இப்போ இன்னா திடீர்னு மணக்குது?"

போலீஸ்காரர்கள் கரும்பு மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

"நான் வேலைக்குச் சேந்தப்போ கண்ணாடி முன்னால நின்னு ஒரு வருஷம் வீடு வீடுன்னு சொல்லிப் பழகினேன், ரெஜினா" என்றார் சுப்புராயன். "இன்னும் பயந்துகினுதான் பேசறேன். எப்ப வாய் தவறுமோன்னு. நீ வீடுபயிர்னதும் மத்த ரெண்டு பேருக்கும் ஏன்னு புரியல. எனக்குப் புரிஞ்சுது. எனக்குப் புரிஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் மொதல்ல சிரிச்சேன். தப்பு என்னுதும்மா."

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பாவம், நானாவது தேறாமல் தப்பித்தேன். இவர் தேறிப்போய் பத்து வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"அப்போ நீங்களும் அண்ணன் வேஷத்த நம்ம பேச்சுல பேசணும். நான் மட்டும் மாட்டிக்கினு முழிக்க மாட்டேன்" என்றேன்.

"வேலை போச்சுன்னா?"

"பஞ்சு அடிக்க ஆளு தேவதான் சார்" என்றார் ராசு.

ஆறாவது தடவை எடுத்தோம். மரத்தைச் சுற்றி ஊர்ஜனம் கூடும் காட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. போலீஸ்காரர்கள் மூன்று பேரும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்ஜனமாக நின்று முணுமுணுத்தார்கள். ஏட்டு கண்ணாயிரத்துக்கு ஒரு வரியும் கொடுத்தோம். "ஏம்பா, தங்கச்சி சொல்றத கேளுப்பா" என்று சொல்ல வேண்டும். லத்தியோடு ஊரையே மிரட்டியவர் அந்த ஒரு வரிக்கு வியர்த்து விறுவிறுத்துப் போனார். நான் என் வரியைச் சொன்னேன். சொன்னேன் என்றுகூட இல்லை, அது தானாக வந்தது. கரும்பை முறுக்கிப் பிடித்திருந்த அப்பாவின் கை ஒரு நொடி நின்றுவிட்டது. மரம் பாதி முறிந்த சத்தத்தோடு நின்றது. அதுவே நன்றாக இருக்கிறது என்று சுப்புராயன் அப்படியே வைத்துக்கொண்டு, மரம் சாயாமல் அண்ணன் கோடாலியைக் கீழே போடுவதாக முடிவை மாற்றினார்.

மறியல் முடிந்து ரோடு திறந்ததும் டேப்போடும் இலவம்பஞ்சுத் தலையணையோடும் போய்ச் சேர்ந்தார்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. ராசு தினமும் தபால்காரரை வழிமறித்தார். பிறகு ஒரு கார்டு வந்தது. "பங்குப் புளி, வியாழன் மாலை ஆறு ஐம்பது. சண்டை போட்டிருக்கிறேன், முடிவு இன்னும் தெரியவில்லை. சுப்புராயன்." அவ்வளவுதான். என் குரலோடு வருமா, அழித்துவிட்டு வேறு ஆளை வைத்து எடுத்துவிட்டார்களா, கார்டில் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தெருவே எங்கள் கடையில் கூடிவிட்டது. ஏட்டு தன் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வேறு எவளாவது சுத்தமான தமிழில் செல்லம்மாவாகப் பேசினால் இத்தனை பேர் நடுவில் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? நூல்கண்டு வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே டீக்கடையில் ரேடியோ உண்டு, என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

டீக்கடைக்கு முன்னால் வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்து விற்றுவிட்டு ஊர் திரும்பும் ஒரு அம்மாள், காலிக் கூடையோடு பஸ் படியருகே நின்றார். நாடகம் தொடங்கியது. புளியங்கொட்டை மழை பெய்தது. அண்ணனாகச் சுப்புராயன், "இன்னிக்கு இத வெட்டாம வுடறதில்ல" என்றார்.

"அண்ணே, கோடாலிய கீழ வையி" என்றது ரேடியோ.

நான். நானேதான்.

டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கப் போனால் அழுகை வருகிறது. அந்த நேரம் பார்த்து டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். உறுமலில் என் குரல் அமுங்கிப் போனது.

கூடைக்கார அம்மாள் திரும்பினார். "யோவ் டிரைவரு! வண்டிய அமுத்துய்யா. அந்தப் பொண்ணு பேசிக்கினு கீது, காதுல விழல?"

"நேரமாச்சும்மா, ஏறு" என்றார் கண்டக்டர்.

"நீ போய்யா. அவ அந்தப் பாவிய இன்னா கேக்கறான்னு கேட்டுட்டுத்தான் ஏறுவேன். எங்க வூட்லயும் ஒருத்தன் இப்பிடித்தான் நின்னான்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள், பிறகு நாலு பேர். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். பஸ் ஸ்டாண்டின் அந்த மூலை அடங்கிவிட்டது.

"எங்க வூட்டுக்குன்னு இருக்கிற நெழலு இது ஒண்ணுதான். வெட்றதுன்னா மொதல்ல என்ன வெட்டு."

கரும்பு முறிந்தது. அம்மாள் "ஐயோ" என்று கூடையை நழுவவிட்டார். மரம் சாயவில்லை என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கடைசில கோடாலிய போட்டுட்டான் பாத்தியா? அப்பிடிக் கேட்டாதாம்மா கேப்பானுங்க" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீ இன்னாத்துக்கும்மா இப்பிடி அழுவுற?" என்றார்.

கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லோரும் ஏறினார்கள், பஸ் உறுமியது, நடித்தவர்களின் பெயரை அறிவிப்பாளர் வாசித்தது அந்த உறுமலில் யார் காதிலும் விழவில்லை. எனக்கே விழவில்லை.

அன்றைக்கு வெள்ளிமலை பஸ் ஏழு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது. ரோட்டில் ஒரு மரமும் விழுந்து கிடக்கவில்லை. அந்த பஸ்ஸை நிறுத்தியது நான்தான்.